முதுகுக்கோடு

பேரணாம்பட்டு, மார்ச் மாதம்.
ஆய்வறை மின்விசிறி சுற்றச் சுற்ற
கடுக்காய் வாடைதான் வீசுகிறது.

பன்னிரண்டு ஆட்டுத்தோல்.
ஒவ்வொன்றையும் முதுகுக்கோட்டில் இரண்டாக அறுத்து
இடப்பாதியைப் பழைய தொட்டியில் போட்டோம்,
வலப்பாதியைப் புதுத்தூள் கரைத்த தொட்டியில்.
பதமானபின் பட்டை பட்டையாய் நறுக்கி
இழுவை இயந்திரத்தின் தாடைகளில் மாட்டி
எத்தனை கிலோவில் அறுகிறது என்று
எபிநேசர் சத்தமாகச் சொல்ல
நான் எழுதினேன்.

ஷஃபியுல்லா பாய்
இருபத்து நான்கு எண்ணையும்
ஒன்றையொன்று அறியாத இரண்டு கும்பலாக நிறுத்தி
கணினியில் தட்டிவிட்டுச் சொன்னார்:
"பி மதிப்பு பாயிண்ட் நாலு ஒன்பது. தூள் வீண்."

அப்படி இல்லை பாய்.
வி.கோட்டா சந்தையிலிருந்து வந்த கிழட்டுக் கிடா ஒன்று,
பால் மறக்காத குட்டி ஒன்று.
தோலுக்கும் தோலுக்கும் உள்ள தூரம்
தூளின் குரலை அமுக்கிவிடும்.
கிடாவின் வலத்துக்கு அதே கிடாவின் இடம்தான் சாட்சி.
தோலுக்கு ஒரு கழித்தல்.
இருபத்து நான்கு பன்னிரண்டாகச் சுருங்கும்,
சுருங்கினால்தான் வாய் திறக்கும்.

மூன்று. ஒன்று. நான்கு. குறை ஒன்று.
இரண்டு. ஐந்து. ஏழாம் தோலுக்குப் பூஜ்யம்.
இரண்டு. குறை இரண்டு. ஆறு. ஒன்று.
பன்னிரண்டாவதற்கு
முப்பத்தொன்று.

முப்பத்தொன்றா?
பட்டையைத் தேடியெடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன்.
இடப்பாதியில் உண்ணி கடித்த வடு, கடுகளவு.

நோட்டின் முதல் பக்கத்தில், தோலை அறுக்கும் முன்பே,
'இணை டி-டெஸ்ட்' என்று பென்சிலால் எழுதியிருந்தேன்.
போட்டுப் பார்த்தேன். பாயிண்ட் ஒன்று ஒன்று.
அந்த ஒரே ஒரு முப்பத்தொன்று
சராசரியைத் தூக்கியது, சிதறலை அதைவிடத் தூக்கியது.
தூளின் கட்சியில் நின்றே
தூளைத் தோற்கடித்தது.

பிறகு வில்காக்சன்.
அங்கே எடை கிடையாது, வரிசைதான்.
முப்பத்தொன்று ஆறுக்கு அடுத்த ஆள், அவ்வளவே.
பூஜ்யத்துக்கு இடமில்லை.
குறைக்காரர் இருவரும் சேர்ந்து ஏழு,
மற்றவர் ஐம்பத்தொன்பது.
பாயிண்ட் பூஜ்யம் இரண்டு.

பாய் முகம் மலர்ந்தது.
"இதையே அனுப்பும்மா. தூள் நல்லதுன்னு தொண்ணூத்தெட்டு சதவீதம் உறுதி."

அதுவும் இல்லை பாய்.
தூளால் ஒன்றுமே ஆகாது என்றே வைத்துக்கொண்டாலும்
இவ்வளவு சாய்வு
நூறில் இரண்டு முறை சும்மாவே வந்துவிடும்.
அது சொல்வது அவ்வளவுதான்.
நடுவிலிருக்கும் தோலுக்கு இரண்டு கிலோ கூடுதல்.
இரண்டு கிலோவுக்காகச் செருப்பு வாங்குகிறவர்
கூடக் காசு தருவாரா?
அதற்கு டெஸ்ட் இல்லை.

பென்சில் எழுத்தும் அங்கேயே இருந்தது,
அழிக்கும் ரப்பரும் பக்கத்திலேயே.
கட்டை உருண்டபின்
தாயம் எதுவென்று பேசக் கூடாது.
இரண்டு விடையையும் எழுதிவிடலாம்,
உண்ணியையும் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

அப்போதுதான் எபிநேசர்,
முழங்கை வரை உப்பு பூத்த வெள்ளையோடு,
வேலையில் சேர்ந்து நாலு மாதம்கூட ஆகாதவன்,
வாசலில் நின்றபடி கேட்டான்:
"மேடம், எல்லாத் தோலுக்கும் இடதுதானே பழசு,
வலதுதானே புதுசு?
ஆடு எப்பவும் ஒரே பக்கமா சுவத்துல உரசுச்சுன்னா?"

பாய் என்னைப் பார்த்தார்.
நான் பன்னிரண்டு கழித்தல்களைப் பார்த்தேன்.
தூளா, பக்கமா என்று
அவற்றில் ஒன்றுக்கும் தெரியாது.
எந்த டெஸ்டும் அதைக் கேட்டதில்லை.
நானும்.

அறிக்கையின் கடைசி வரியில் அவன் கேள்வியை
அவன் பெயரோடு எழுதினேன்.

வியாழக்கிழமை வேறு பன்னிரண்டு தோல் இறங்கியது.
உண்ணி வடு பார்த்தே எடுத்தோம்.
புது நோட்டு, முதல் பக்கம்:
வில்காக்சன். இந்த முறை பேனாவால்.
எபிநேசர் பையிலிருந்து ஐந்து ரூபாய் எடுத்தான்.
தலை விழுந்தால் வலப்பாதி பழைய தொட்டிக்கு,
பூ விழுந்தால் இடப்பாதி.
ஈரத் தரையில் நாணயம் உருண்டு உருண்டு
வடிகால் விளிம்பில் நின்றது.

முதல் தோல்: பூ.